41 துணுக்குகளும் ஒரு காற்புள்ளியும்

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைக் காலிசெய்துகொண்டிருந்தபோது, 'ரெஃப்யூஸ்டு 2015' என்று நானே பெயர் வைத்திருந்த ஃபோல்டர் ஒன்று கண்ணில் பட்டது. ஏதோ அரிய கச்சேரிப் பதிவைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது என்று ஆவலோடு திறந்தால், உள்ளே ஒரு பாட்டுகூட இல்லை. இருந்தவை 41 ஸ்கிரீன்ஷாட்டுகள். ரெஃப்யூஸ்டு என்ற ஸ்வீடன் இசைக்குழு அந்த ஆண்டு ஜூன் இறுதியில் வெளியிட்ட 'ஃப்ரீடம்' ஆல்பத்தைப் பற்றிப் பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதியவற்றிலிருந்து, இணைய ரசிகர் குழுவில் பகிர்வதற்காக நான் வெட்டியவையும், பிறர் வெட்டிப் பகிர்ந்ததில் எனக்குப் பிடித்துச் சேமித்தவையும். பழைய நினைவு இனிக்கும் என்றுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்து முடித்தபோது வெட்கம்தான் மிஞ்சியது. அது ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

இந்த இசைக்குழுவை அறியாதவர்களுக்காகச் சிறிது முன்கதை. ஸ்வீடனின் வடபகுதியில் உள்ள ஊமியோ என்னும் பல்கலைக்கழக நகரத்தில் 1991-இல் உருவானது ரெஃப்யூஸ்டு. மது, புகை, இறைச்சி எல்லாவற்றையும் கொள்கையாகவே விலக்கிய இளைஞர்கள் திரண்டிருந்த, வேகமும் கூச்சலும் மிகுந்த ராக் வகையான ஹார்ட்கோர் பங்க் இசையின் வட்டம் அந்த ஊரில் இருந்தது. பாடகர் டென்னிஸ் லிக்சேன் அதன் நடுநாயகர்களில் ஒருவர். 1998-இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தின் பெயர் 'தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்'. ஆர்னெட் கோல்மன் 1959-இல் வெளியிட்ட ஜாஸ் ஆல்பத்தின் தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, வரப்போகும் பங்க் இசையின் வடிவம் இதுதான் என்று தாங்களே அறிவித்துக்கொண்ட துணிச்சல் அது. தொண்டை கிழியும் கூச்சலுக்கு நடுவே டெக்னோ தாளம் வரும், வயலின் வரும், ஜாஸ் கச்சேரிகளில் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ் வரும். வெளியான நேரத்தில் அதைப் பொருட்படுத்தியவர்கள் சொற்பம். அந்த அக்டோபரிலேயே அமெரிக்கப் பயணத்தின் நடுவில் குழு உடைந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஹாரிசன்பர்க் நகரில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் நடந்த கடைசி நிகழ்ச்சியையும் காவல்துறை வந்து பாதியில் நிறுத்திவிட்டது. பிறகு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இனி ஒருபோதும் சேர்ந்து வாசிக்க மாட்டோம், நாங்கள் எதற்காக நின்றோம் என்பதே விளங்காத நிருபர்களுக்குப் பேட்டி தர மாட்டோம், எங்கள் புகைப்படங்களைப் பத்திரிகைகள் எல்லாம் எரித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்படிக் கேட்டுக்கொண்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதைத்தான் நான் 41 படங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அறிக்கையில் சொன்னதை அவர்களும் காப்பாற்றவில்லை என்பது உண்மை. 2012-இல் மீண்டும் சேர்ந்து அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் வாசித்தார்கள். 1998-இல் உட்பூசலில் கிடந்ததால் அந்த ஆல்பத்துக்கு உரிய நியாயத்தை நாங்களே செய்யவில்லை என்று அப்போது ஒப்புக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்து, 17 ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த புதிய ஆல்பம்தான் 'ஃப்ரீடம்'. இதற்குள் பழைய ஆல்பம் ஒரு காவியமாகிவிட்டிருந்தது. வெளியானபோது கண்டுகொள்ளாத இசைப் பத்திரிகைகளே பின்னாளில் தங்கள் பட்டியல்களில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொண்டாடின. ஆகவே புதிய ஆல்பம் வந்த வாரத்தில் ரசிகர்களாகிய எங்களுக்கு இருந்த பதற்றத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தேர்வு எழுதியவர்கள் நால்வர், முடிவுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அந்த ரசிகர் குழுவில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது துணுக்குகள் வந்து விழும். ஸ்வீடனிலிருந்து வந்தவற்றைப் புரிந்துகொள்வதே ஒரு கலை. அங்குள்ள எக்ஸ்பிரஸ்ஸன் நாளிதழ் மதிப்பெண்ணாக நட்சத்திரம் போடுவதில்லை, குளவி போடும். ஒன்று முதல் ஐந்து குளவி வரை. ஆஃப்டன்பிளாடெட் போடுவது கூட்டல் குறி. இது தெரியாத பிறநாட்டு ரசிகர்கள் குளவிப் படத்தைப் பார்த்துவிட்டு, இது பாராட்டா கொட்டா என்று கேட்டுக் குழம்பியதை நான் மறக்கவே மாட்டேன். பிரிட்டனின் கெராங் இதழ் அப்போது தன் பெயரின் முதல் எழுத்தையே மதிப்பெண்ணாக அச்சிட்டுவந்தது. அமெரிக்காவின் பிட்ச்ஃபோர்க் பத்துக்கு எத்தனை என்பதைத் தசமப் புள்ளி போட்டுச் சொல்லும். ஒரு பாட்டுக் கோவைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்தில் ஒரு பங்காக எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்படிப்பட்ட ஆங்கில இதழ்களின் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றி, ஒவ்வோர் இதழுக்கும் ஓர் எடை கொடுத்துச் சராசரி காட்டுகிறது மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம். எழுத்தும் நட்சத்திரமும் தசமமும் ஒரே உரலில் இடிபட்டு ஓர் எண்ணாக வெளியே வரும். அந்த எண் ஒன்று கூடினால் குழுவில் கொண்டாட்டம், ஒன்று குறைந்தால் சதி.

எண்ணுக்கு அடுத்தபடியாக நாங்கள் சண்டையிட்டது ஒரு பெயரை வைத்து. ஷெல்பேக் என்ற புனைபெயரில் இயங்கும் ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பாளர், அந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளை உருவாக்குவதில் குழுவோடு சேர்ந்து உழைத்திருந்தார். டெய்லர் ஸ்விஃப்டுக்குப் பெருவெற்றிகளை உருவாக்கித் தந்தவர்களில் ஒருவர் அவர். முதலாளித்துவத்தை எதிர்த்துப் பாடும் பங்க் குழுவோடு பாப் உலகின் பணக்காரக் கை சேர்ந்தால், எழுதுகிறவருக்கு அதைவிட எளிதான முதல் வரி வேறு ஏது? நான் சேமித்த துணுக்குகளில் ஏறக்குறைய பாதியில் அவர் பெயர் இருக்கிறது. ஆல்பத்தின் முதன்மைத் தயாரிப்பாளரான நிக் லோனேயின் பெயர் மூன்றே மூன்றில்தான் இருக்கிறது. லோனே 1980-களின் தொடக்கத்திலேயே பப்ளிக் இமேஜ் லிமிட்டெட் குழுவோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தவர், அதாவது பங்க் தன் வடிவத்தை உடைத்துக்கொண்டு வெளியேறிய இடத்தில் நேரில் இருந்தவர். 'வரப்போகும் பங்க்' பற்றிப் பேசிய குழு அப்படி ஒருவரிடம் போனது ஏன் என்பது விவாதிக்கத் தக்க கேள்வி. அதை எங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகை எந்தக் கொக்கியை நீட்டியதோ அதிலேயே எல்லோரும் தொங்கினோம், நான் உட்பட. ஷெல்பேக் தொட்ட இரண்டு பாட்டுகள் எவை என்று பார்க்காமலே, ஆல்பம் முழுவதும் பாப் வாடை அடிக்கிறது என்று ஒரு தரப்பும், அடிக்கவே இல்லை என்று மறு தரப்பும் மல்லுக்கு நின்றது மூன்று நாள் ஓடியது.

இனி, தலைப்பில் சொன்ன காற்புள்ளிக்கு வருகிறேன். ஒரு விமர்சனத்தில், இந்த ஆல்பத்தின் டிரம் வாசிப்பு அபாரமானது, ஆனால் பாடல் வரிகள் பத்தொன்பது வயதுக்காரரின் துண்டுப் பிரசுரத்தைத் தாண்டவில்லை என்ற பொருளில் ஒரே வாக்கியம் இருந்தது. நான் அதைக் காற்புள்ளி இருந்த இடத்திலேயே வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் காற்புள்ளி தெரிந்தால் மேற்கொண்டு ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, அந்தக் காற்புள்ளியையும் விட்டுவிட்டு ஒரு பிக்சல் முன்னதாக நறுக்கினேன். இதை நான் யோசித்துச் செய்தேன் என்பதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விருப்பக் குறிகள் வந்தன. மறுநாள் ஒருவர் முழு வாக்கியத்தையும் எடுத்துப் போட்டார். என்னைத் திட்டாமல், அந்த வாக்கியத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு கல்லூரி நண்பன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். ரெஃப்யூஸ்டை எனக்கு அறிமுகப்படுத்தியவனே அவன்தான். கறுப்பு மார்க்கரில் பெயரைத் தப்பாக எழுதிய ஒரு சிடி-யை விடுதி அறையில் என் கையில் திணித்து, முதல் பாட்டைப் பாதியில் நிறுத்தினால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டியவன். "ஏன்டா, பேப்பர்காரன் சொன்னதையெல்லாம் போட்டுட்டே இருக்கியே, பாட்டு எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை நான் ஆல்பத்தை முழுமையாகக் கேட்டது ஒரே ஒருமுறை, அதுவும் பேருந்து இரைச்சலில். விமர்சனங்களை மட்டும் இரண்டு மூன்று முறை படித்திருந்தேன்.

ரசிகர்கள் இப்படிப் பகிர்வதை முழு மூடத்தனம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் இந்த இசையைக் கேட்கும் இன்னொருவரைக் காணாதவர்களுக்கு, எங்கோ ஒரு நாளிதழில் யாரோ ஒருவர் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார் என்பதே ஒரு துணை; நாம் பைத்தியம் இல்லை என்பதற்கு அச்சிட்ட சான்று. மேலும் பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பணம் இல்லாத குழுக்களுக்கு, விமர்சனம் நாலு பேர் கண்ணில் படுவதால் விழா அழைப்புகளும் நுழைவுச்சீட்டு விற்பனையும் ஓரளவு அசையும் என்பதும் மெய். என் மனவருத்தம் பகிர்தலின் மேல் இல்லை. ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, யோசித்து, காரணம் சொல்லி எழுதியதில், காரணத்தைக் கழித்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் தோரணம் கட்டினோமே, அதன் மேல்தான். 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது மரியாதை, பின்னால் இருப்பதே விமர்சனம் என்பது படித்துப் பழகிய எவருக்கும் தெரியும்.

பங்க் ரசிகர்கள் இதைச் செய்ததுதான் இன்னும் விசித்திரம். பெரிய பத்திரிகைகள் தங்களைப் பற்றிச் சரியாக எழுதாது என்பதாலேயே தாங்களே தட்டச்சு செய்து, ஒட்டி, நகலெடுத்துக் கைமாற்றிய சிற்றிதழ் மரபு அவர்களுடையது. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1982-இல் தொடங்கி 2019 வரை அச்சில் வந்த மேக்ஸிமம் ராக்கன்ரோல் இதழின் விமர்சனப் பக்கங்களைப் பார்த்தால் இது விளங்கும். பொடி எழுத்தில் நெருக்கி அடித்த பத்திகள், மதிப்பெண் கிடையாது, ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் எழுதியவரின் பெயரின் முதலெழுத்துகளும், அந்த இசைத்தட்டை வரவழைப்பதற்கான முகவரியும் இருக்கும். எழுதியவர் ஊதியம் வாங்காத இன்னொரு ரசிகர். அவருக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்பார், ஏன் என்றும் சொல்வார். முகவரி இருக்கிறது, வேண்டுமானால் நீயே வாங்கிக் கேட்டுக்கொள் என்று விட்டுவிடுவார். அந்த மரபில் ரசிகர்தான் பத்திரிகை. நாங்களோ கையில் விசைப்பலகையும், உலகம் முழுக்கக் கேட்பதற்கு ஆளும் இருந்தும், கத்தரிக்கோலை மட்டுமே எடுத்தோம். 41 துணுக்குகளோடு நான் சேர்த்து எழுதிய சொந்த வரிகளைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் மூன்று ஆச்சரியக்குறிகள். ஒன்றில் மட்டும் ஐந்து.

இடையில் இன்னொரு ஸ்வீடன் குழுவைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஃபாகெர்ஸ்டா என்ற சிற்றூரிலிருந்து வந்த தி ஹைவ்ஸ், இந்தத் தொல்லை முழுவதையும் நகைச்சுவையாகவே கடந்துவிட்டது. 2001-இல் பிரிட்டனில் வெளியிட்ட தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயரே 'யுவர் நியூ ஃபேவரிட் பேண்ட்'. உங்களுக்குப் பிடித்தமான புதிய குழு நாங்கள்தான் என்று கேட்பவருக்கும் சேர்த்துத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். பாட்டுகளையெல்லாம் எழுதுபவர் ராண்டி ஃபிட்ஸிம்மன்ஸ் என்ற மர்ம மனிதர் என்று அவர்கள் சொல்லிவந்தபோது, அது கிதார் கலைஞரின் புனைபெயர்தான் என்று ஒரு பிரிட்டன் இதழ் அம்பலப்படுத்தியது. குழுவோ அசராமல், 2023-இல் அந்த இல்லாத மனிதரின் மரணத்தையே ஆல்பத்தின் தலைப்பாக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த அடுத்த ஆல்பத்தின் தலைப்பில் தங்கள் பெயரை இரண்டு முறையும், 'என்றென்றும்' என்பதை இரண்டு முறையும் போட்டுக்கொண்டார்கள். கலைஞரே மேடையில் நின்று தன்னை இவ்வளவு புகழ்ந்துகொண்ட பிறகு, எந்த விமர்சகரின் ஐந்து நட்சத்திரத்தையும் ஒட்டுவதற்கு இடம் ஏது? அந்த ஆல்பம் வந்தபோதும் துணுக்குகள் சுற்றத்தான் செய்தன. ஆனால் அங்கே யாரும் நகம் கடித்ததாகத் தெரியவில்லை.

சென்ற வாரம் 'ஃப்ரீடம்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில், முழுமையாக, மூன்று இரவு தொடர்ந்து கேட்டேன். என் கருத்தைப் பத்தாண்டு தாமதமாகவாவது பதிவு செய்கிறேன். 1998 ஆல்பத்தின் பக்கத்தில் வைத்தால் இது சிறியதுதான். பழையதில் அடுத்த நொடி என்ன வரும் என்று தெரியாத ஓர் அச்சம் இருக்கும். இதில் அது குறைவு, எல்லாம் மிகவும் சீராகத் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கிறது. ஆனால் டேவிட் சாண்ட்ஸ்ட்ரோமின் டிரம் ஒவ்வொரு பாட்டையும் உள்ளிருந்து நெம்புகிறது. ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆதிக்கம் விட்டுச்சென்ற கறையைப் பேசும் பாட்டில் லிக்சேனின் கோபம் துண்டுப் பிரசுரத்தைத் தாண்டித்தான் போகிறது. ஷெல்பேக் கை வைத்த பாட்டுகளில் ஒன்றுதான் தொடக்கப் பாட்டு, ஆல்பத்திலேயே முரடானவற்றில் ஒன்றும் அதுவே. மூன்று நாள் சண்டையை நினைத்துக்கொண்டேன்.

ரெஃப்யூஸ்டு இப்போது இல்லை. 2019-இல் இன்னொரு ஆல்பம் வந்தது. 2024 ஜூனில் லிக்சேனுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவர் தேறி வந்து விடைபெறும் பயணத்தை முடித்துக்கொடுக்க, அந்த டிசம்பரில் சொந்த ஊரான ஊமியோவிலேயே கடைசியாக வாசித்து முடித்துக்கொண்டார்கள். இம்முறை அடித்தளமும் இல்லை, காவல்துறையும் இல்லை.

ஃபோல்டரில் நாற்பது படங்களை அழித்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். யாரோ ஒரு ரசிகர் அவசரத்தில் கோணலாக வெட்டிய துணுக்கு. ஐந்தாறு வரிகள்தான் இருக்கும். ஒரு பாட்டின் பின்பாதியில் கிதார் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மும் பேஸும் மட்டும் ஒன்றையொன்று துரத்துவதையும், அந்த இடத்தில் தனக்கு மூச்சு வாங்கியதையும், உடனே பாடகர் வந்து அதைக் கெடுத்துவிட்டதையும் எழுதியவர் அலுப்போடு விவரித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு அந்த இடத்தைத் தேடிப் போய்க் கேட்டேன். பாடகர் கெடுக்கவில்லை என்பது என் கட்சி. எந்தப் பத்திரிகை, எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அந்த வெட்டில் போய்விட்டன.