அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுற்றுலா நிதியை நிறுத்தியது யார்?

'1993-இல் கொலராடோ சட்டமன்றம் சுற்றுலா விளம்பர நிதியை வெட்டியது, சுற்றுலா வருமானம் 30 சதவீதம் சரிந்தது' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சுற்றுலா விளம்பரத்துக்கு அரசு நிதி வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இதைப் பட்ஜெட் விவாதத்தில் சொன்னால் அடி வாங்குவோம்.

நிறுத்தியவர்கள் வாக்காளர்கள். அந்த நிதி வந்ததே சுற்றுலாச் செலவுகள் மீது இருந்த 0.2 சதவீத வரியிலிருந்துதான்; அதை நீட்டிக்க அந்த நவம்பரில் மக்கள் ஒப்புதல் தரவில்லை. வருடத்துக்குச் சுமார் 1.2 கோடி டாலர் போனது.

அப்புறம் அந்த 30 சதவீதம். அது லாங்வுட்ஸ் ஆய்வு நிறுவனம் சொன்ன கணக்கு. அமெரிக்கர்களின் உல்லாசப் பயணங்களில் கொலராடோவுக்கு இருந்த பங்கு அவ்வளவு குறைந்தது என்றுதான் அது சொல்கிறது. நாடு முழுக்கப் பயணம் பெருகும்போது பங்கு சரிந்தாலும் வருமானம் ஏறலாம். மாநிலச் சுற்றுலாத் துறைகளுக்கு ஆய்வு செய்து கொடுப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில் என்பதையும் எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும்.

மாநில அரசே வெட்டிய உதாரணம் வேண்டுமென்றால் வாஷிங்டன் மாநிலத்தைச் சொல்லுங்கள். பட்ஜெட் நெருக்கடியில் 2011-இல் சுற்றுலா அலுவலகத்தையே மூடினார்கள். 2018-இல் சட்டமன்றம் மறுபடி நிதிக்குச் சட்டம் இயற்றியது, அரசின் ஒரு டாலருக்குத் தொழில்துறை இரண்டு டாலர் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.