அது போட்டோ இல்லைங்க

"அபூர்வ போட்டோ" என்று இணையத்தில் ஒருவர் போட்ட அந்த கோர்லிஸ் நீராவி எஞ்சின் பதிவைப் பற்றி எழுதக் கூடாது என்று இரண்டு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் பொறுமையாகப் போட்ட என் கமென்ட்டை நீக்கிவிட்டு, "சிலருக்குக் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு" என்று தனிப் பதிவே போட்டிருக்கிறார் பாருங்கள், அதற்கப்புறம் முடியவில்லை.

அது போட்டோ இல்லை. 1876 பிலடெல்ஃபியா கண்காட்சியில் அமெரிக்க அதிபர் கிராண்டும் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோவும் அந்த எஞ்சினை ஓடவிட்ட காட்சி. ஹார்பர்ஸ் வீக்லி பத்திரிகையில் வந்த மரச்செதுக்குப் படம். அதை ஏஐயில் போட்டு, கோடுகளை வழித்துவிட்டு, வண்ணம் பூசி, "அபூர்வ போட்டோ"வாம். போதாக்குறைக்கு எஞ்சின் தலைக்கு மேல் கரும்புகை வேறு! நீராவி தயாரிக்கும் பாய்லர்கள் தனிக் கட்டடத்தில் இருந்தன ஐயா. 1400 குதிரைத்திறன் எஞ்சின், 30 அடி விட்டத்தில் ஃப்ளைவீல் என்கிற ராட்சதச் சுழல்சக்கரம், ஆனால் அரங்குக்குள் புகையே கிடையாது. ஜனங்கள் அந்த எஞ்சினைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள்.

"அந்தக் காலத்தில் கேமரா இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருந்தது. அங்கேயே போட்டோவும் எடுத்தார்கள். எடுத்ததை எழுத்தோடு சேர்த்துப் பத்திரிகையில் அச்சடிக்கத்தான் வழியில்லை. அதனால் பாக்ஸ்வுட் கட்டையில் ஆள் உட்கார்ந்து செதுக்கினார்கள். அந்த மரம் பெரிதாகப் பருக்காது, அதனால் சின்னக் கட்டைகளை போல்ட் போட்டு இணைத்து ஆளுக்கொரு துண்டாகச் செதுக்குவார்கள். இந்த மாதிரிப் பழைய படங்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் குறுக்கே மயிரிழை போல வெள்ளைக் கோடு ஓடும், கட்டைகள் சேர்ந்த இடம். ஏஐக்கு அதெல்லாம் அழுக்கு.

என் அப்பா லெட்டர்பிரஸ்ஸில், அதாவது எழுத்துக் கோத்து அடிக்கும் பழைய அச்சகத்தில் இருந்தவர். கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு பிள்ளையார் பிளாக் உண்டு, படம் அடிக்கும் அச்சு. தும்பிக்கை வளைவில் மை அடைத்துக்கொண்டால் ஊசியால் நோண்டி எடுத்து, மறுபடி ஒரு காகிதம் அடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு கோட்டுக்கு அவ்வளவு பாடு. "அந்தக் காலத்து ஓவியர்களும்தான் மிகைப்படுத்தினார்கள்" என்று ஒருவர். சரி, செய்திருக்கலாம். அதற்காக?

"அழகாத்தானே இருக்கு, உனக்கென்ன எரிச்சல்?" எரிச்சல்தான். அந்த எஞ்சின் அப்புறம் சிகாகோவில் புல்மேன் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 1910 வரை ஓடி, பழைய இரும்பாகப் போனது. அப்பாவின் பிரஸ்ஸை மூடியபோது பிளாக்குகளையும் எடைக்குத்தான் போட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை, பிள்ளையாரை மட்டும் கேட்டு வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

நீக்கப்பட்ட என் கமென்ட் இரண்டே வரி. "இது செதுக்குப் படம். அடியில் வரைந்தவர் பெயர் இருக்கும், பாருங்கள்." தியோடர் டேவிஸ் என்று பெயர் போட்ட அந்த அடிவரியைத்தான் முதல் வேலையாக வெட்டியிருக்கிறார்கள்.