படத்தைவிட வர்க்கி நல்லா இருந்துச்சாம்

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: பூமியிலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்ச் சேருகிற ஒருவனின் கதையான 'ஜான் கார்ட்டர்' என்ற ஹாலிவுட் படத்தை எல்லாரும் கூடிப் பார்த்தோம், அது காப்பி என்று ஒரு தம்பி பதிவு போட்டுவிட்டார், நான் பெயர் சொல்லப்போவதில்லை. எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "என்னக்கா, அடுத்த வாரமும் வர்க்கி உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தும் கொண்டார். சரி, எழுதிவிடுவோம்.

'ஜான் கார்ட்டர்' போடலாம் என்று சொன்னது நான். நாற்காலி இழுத்துப் போட்டது நான். ஊட்டிக்குப் போய் இரண்டு கிலோ வர்க்கி (அந்த மொறுமொறு பிஸ்கட்) வாங்கி வந்ததும் நான்தான். படம் முடிந்து லைட் போட்டதுதான் தாமதம், தம்பி எழுந்து, "அவதார்ல பாதி, ஸ்டார் வார்ஸ்ல பாதி. அந்த அரீனா சண்டை அப்படியே சுட்டது" என்றார். கூடமே சிரித்தது. ராத்திரி அதையே பதிவாகவும் போட்டார். அதன் கீழே ஒருவர் "படத்தைவிட வர்க்கி நல்லா இருந்துச்சு" என்று எழுத, அந்த ஒரு வரிக்கு விழுந்த லைக் நான் இத்தனை வருடமாக இங்கே எழுதிய எதற்கும் விழுந்ததில்லை.

படம் பிடிக்கவில்லையா, தாராளமாகச் சொல்லுங்கள். தூக்கம் வந்ததா, அதையும் சொல்லுங்கள். காப்பி என்று மட்டும் சொல்லாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

அவதார் வந்தது 2009-இல். ஸ்டார் வார்ஸ் 1977-இல். ஜான் கார்ட்டர் கதை ஒரு மலிவு விலை அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தது 1912 பிப்ரவரியில். டைட்டானிக்குக்கு இரண்டு மாதம் முன்னால். டைட்டானிக் படத்துக்கு என்று படித்துவிடாதீர்கள், கப்பலுக்கு! அவதார் எடுத்த கேமரூனே இந்தக் கதைகளின் பாதிப்பைப் பற்றிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். எடுத்தவருக்கே இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு? தாத்தாவை நிற்கவைத்து, "உங்க மூக்கு அப்படியே பேரன் மூக்கு, எங்க சுட்டீங்க?" என்று கேட்கிற கதையாக இருக்கிறது.

எழுதியவர் எட்கர் ரைஸ் பரோஸ். அப்போது அவருக்கு 36 வயது, பென்சில் சீவும் கருவி விற்கிற பிழைப்பு. டார்ஜானெல்லாம் அதற்கப்புறம்தான். செவ்வாய்க் கிரகம், நாலு கை பச்சை மனிதர்கள், முட்டையில் பிறக்கும் இளவரசி என்று எழுதினால் ஊர் பைத்தியம் என்று சொல்லுமே என்று பயந்து, 'நார்மல் பீன்' என்ற புனைபெயரில் அனுப்பினார். நமக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம் வருகிற மாதிரி. பத்திரிகைக்காரர்கள் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து 'நார்மன்' என்று திருத்திப் போட்டுவிட்டார்கள். சிரிப்பார்களே என்று பயந்து அந்த மனுஷன் செய்த ஒரே ஒரு ஏற்பாடு, அதுவும் போச்சு. 400 டாலர் கொடுத்தார்கள். நூறு வருடம் கழித்து நம் குன்னூரிலும் சிரித்தாயிற்று.

"அக்கா, பழசா இருந்தா நல்லதாயிடுமா?" என்று இன்பாக்ஸில் ஒரு கேள்வி. நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? முதலில் வந்தது என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு. மறுபடியும் படியுங்கள்.

இன்னொருவர், "சயின்ஸே இல்லையே, எப்படி அந்தத் தாண்டு தாண்டுறான்?" என்கிறார். ஐயா, அந்தப் படத்தில் உருப்படியான சயின்ஸே அது ஒன்றுதான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம். இங்கே 60 கிலோ எடை இருப்பவர் அங்கே போய்த் தராசில் ஏறினால் 23 கிலோகூடக் காட்டாது. படத்தில் கொஞ்சம் ஓவராகவே தாண்டுகிறான், ஒப்புக்கொள்கிறேன். கால்வாய், நகரம், ராணி எல்லாம் பொய்யே என்றால், 1877-இல் ஷியாபரெல்லி என்ற இத்தாலிய வானியலாளர் தொலைநோக்கியில் செவ்வாய் மேல் கோடுகளைப் பார்த்தார், அவை வெட்டிய கால்வாய்களேதான் என்று லோவெல் என்ற அமெரிக்கர் புத்தகம் புத்தகமாக எழுதினார். அதை நம்பவே நம்பாத வானியலாளர்களும் அப்போதே இருந்தார்கள். மாரினர் 4 விண்கலம் கிட்டே போய் எடுத்த படத்தில் வெறும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது 1965-இல். 1912-இல் கதை எழுதுகிறவர் எந்தப் பக்கம் சாய்வார்?

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அதுவும் ஒரு கதை.

எங்கள் மாமா எஸ்டேட் பங்களாவில் பட்லர். பழைய துரை போய்ப் புது மேனேஜர் வந்தபோது அலமாரியைக் காலி பண்ணி, பூஞ்சை பிடித்த புத்தகங்களை ஃபாக்டரி அடுப்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். மாமா அதில் ஒரு அட்டைப்பெட்டியை மட்டும், பிள்ளை இங்கிலீஷ் படிக்கட்டும் என்று எங்கள் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தூக்கிவந்தார். அதில் இருந்ததுதான் இந்தப் புத்தகம். மேலட்டை கிடையாது, கடைசிப் பக்கங்களும் கிடையாது. எழுதியவர் பெயரே எனக்குப் பல வருடம் தெரியாது. பத்தாவது பரீட்சை லீவில் பாதி அகராதி, பாதி என் சொந்தச் சரக்கு என்று தமிழில் என் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே போனேன். (என் சொந்தத் தம்பி. பதிவு போட்ட தம்பி இல்லை.)

அவனுக்கு அப்போது வீசிங். மார்கழியில் தேயிலை மேல் உறைபனி விழுகிற ராத்திரிகளில் தலையணை அடுக்கி உட்காரவைத்துத்தான் தூங்கவைப்போம். கதையில் செவ்வாயின் காற்று ஒரு ஃபாக்டரியில் தயாராகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் கொல்லப்பட்டு, எந்திரம் நின்று, ஊர் முழுக்க மூச்சுத் திணறி விழ ஆரம்பிக்கிறது. கார்ட்டர் ஃபாக்டரிக்கு ஓடுகிறான். எங்கள் புத்தகம் அந்த இடத்தோடு சரி. மிச்சம் கிழிந்துபோயிருந்தது. "காத்து வந்துச்சாக்கா?" என்று கேட்டான். வந்துச்சு என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வருடம் பள்ளியில் ஊட்டி பக்கத்து முத்தோரைக்குக் கூட்டிப்போனார்கள், ரேடியோ தொலைநோக்கி பார்க்க. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவையே பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிற மாதிரி பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கட்டியது, 1970-இலிருந்து ஓடுகிறது என்றெல்லாம் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நான் கேட்டது ஒரே கேள்வி, செவ்வாயில் காற்று இருக்கா சார். "நாங்க செவ்வாயைப் பார்க்கறதில்லைம்மா" என்று சிரித்துவிட்டு, "இருக்கு, ஆனா நம்ம காத்துல நூத்துல ஒரு பங்குகூட வராது" என்றார். அன்றைக்கும் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பழக்கம்தான்.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

இந்தப் பக்கம் புத்தக விசுவாசிகள் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. தெர்ன்கள் (படத்தில் எல்லாரையும் ஆட்டிவைக்கிற அந்த வில்லன் கூட்டம்) இரண்டாம் புத்தகத்தில்தானே வருகிறார்கள், கார்ட்டருக்கு ஏது செத்துப்போன மனைவியும் மகளும் என்று. உண்மைதான், எனக்கும் அந்த மனைவி விஷயத்தில் எரிச்சல்தான். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டனுடைய 'ஃபைண்டிங் நீமோ' மீன் படத்திலும் ஆரம்பத்திலேயே மனைவி செத்துவிடுவாள், அவருக்கு என்னவோ அப்படி ஒரு ராசி. ஆனால் அச்சுப் பிசகாமல் புத்தகத்தை எடுத்திருந்தால் ஒருத்தர் உடம்பிலும் துணி இருந்திருக்காது, நகை மட்டும்தான். அந்தக் கூடத்தில் போட விட்டிருப்பீர்களா? முன்வரிசையில் குழந்தைகள் வேறு. கார்ட்டரின் செவ்வாய் நாய் வூலா ஓடிவரும்போதெல்லாம் அந்தக் குழந்தைகள் கைதட்டினார்களே, அது ஏன் யார் பதிவிலும் வரவில்லை?

"வெள்ளைக்காரத் துரை போய்க் காப்பாத்துற கதைதானே, அதுவும் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட அமெரிக்கத் தென்மாநிலப் படையின் கேப்டன்" என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். மொத்தத்தில் எனக்குப் பதில் கிடைக்காத கேள்வி இது ஒன்றுதான். சரிதான் தோழர். ஆனால் லைன் வீட்டில் பிறந்தவளுக்குத் துரை என்றால் யார் என்று பாடம் எடுக்க வேண்டாம். அடுப்பில் போடச் சொன்னதும் துரைமார்தான், அங்கிருந்து எடுத்துவந்தது என் மாமா. நான் படித்தது மாமாவின் புத்தகத்தை.

2012 மார்ச்சில் இந்தப் படத்துக்காகவே நானும் தம்பியும் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போனோம். தியேட்டரில் இருபது பேர் இருந்தால் அதிகம். படம் வெளியாகிப் பத்தே நாளில், 20 கோடி டாலர் நஷ்டம் வரும்போல இருக்கிறது என்று டிஸ்னியே அறிவித்துவிட்டது. தலைப்பில் இருந்த செவ்வாயை எடுத்துவிட்டு வெறும் ஆள் பெயரை மட்டும் வைத்தால் யாருக்கு என்ன படம் என்று புரியும்? நம் ஊரில் 'முருகேசன்' என்று பெயர் வைத்துவிட்டு விண்வெளிப் படம் எடுத்தால் போவீர்களா?

காற்று ஃபாக்டரி படத்தில் இல்லை. ஆமாம், இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது எழுந்து அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தோற்றுப்போயிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் காப்பி, காப்பி என்றே நின்றுவிட்டீர்கள்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வர்க்கி கமென்ட்டுக்கு லைக் போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஏழாவது பெயர் என் தம்பி. திருப்பூரில் இருந்துகொண்டு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். நேற்று ராத்திரி அவனே கூப்பிட்டான். "காத்து ஃபாக்டரி இல்லாத படத்துக்கு நீ ஏன்க்கா இப்படிச் சண்டைக்கு நிக்கற? அன்னைக்கு தியேட்டர்லயே சொன்னேன்ல" என்றான். இன்ஹேலர் வைத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மேலட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை அன்றைக்கு எல்லாரும் பார்க்கட்டும் என்று வர்க்கித் தட்டு பக்கத்தில் வைத்திருந்தேன். திரும்பக் கிளம்பும்போது அது இல்லை. யார் எடுத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை, படித்துவிட்டுக் கொடுங்கள். கடைசிப் பக்கங்கள் இருக்காது. வேண்டுமென்றால் கேளுங்கள், இப்போது எனக்கு முடிவு தெரியும்.