அரமா, கூலியா?

அண்மையில் வேதாகமத்தின் 1 சாமுவேல் 13:21 மேல் ஒரு பிரசங்கம் கேட்டேன். எபிரெயர் பட்டயமோ ஈட்டியோ செய்துவிடக் கூடாது என்று, இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லாதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்ட காலம். கோடரியைத் தீட்டக்கூட எதிரியிடம்தான் போக வேண்டும். "ஆனாலும் அவர்களிடம் அரங்கள் இருந்தனவே!" என்று பிடித்துக்கொண்டார் போதகர். ஜெபம் ஓர் அரம், உபவாசம் ஓர் அரம் என்று அரைமணி நேரம் போனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வசனத்தில் அரம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

மூலத்தில் அங்கே நிற்கும் சொல் 'பீம்'. எபிரெய வேதாகமம் முழுவதிலும் இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வசனம் கிடையாது. அதற்கு முன்னால் நிற்கும் 'பெட்சீரா' என்ற சொல்லும் அப்படியே. இரண்டு புரியாத சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் என்னதான் செய்வார்? பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'அறுப்பு ஆயத்தமாயிருந்தது' என்கிறது. லத்தீனில் ஜெரோம் கருவிகளின் முனைகளை மழுங்கவைத்தார். 1611-இன் ஆங்கில வேதாகமம் ஓர் அரத்தைக் கையில் கொடுத்தது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அரங்கள்தான். பீம் என்பதை 'வாய்' என்ற எபிரெயச் சொல்லின் பன்மையாக எடுத்துக்கொண்டார்கள். வெட்டும் விளிம்பை வாய் என்பது எபிரெயத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. ஆகவே அது மடத்தனமான ஊகம் அல்ல.

விடை மண்ணுக்குள் கிடந்தது. பழைய யூதேயா நாட்டு இடங்களில் மேல்பக்கம் குவிந்த சிறு சுண்ணாம்புக் கற்கள் கிடைத்தன. சிலவற்றின்மேல் மூன்றே எழுத்துகள்: ப, ய, ம. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவற்றை இந்த வசனத்தோடு சேர்த்துப் படித்தார்கள். அவை எடைக்கற்கள். ஒன்று ஏறத்தாழ 7.8 கிராம். இஸ்ரவேலரின் எடை அளவான சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். அதாவது பீம் என்பது சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. நாணயம் புழங்காத காலத்தில் வெள்ளியைத் தராசில் நிறுத்துத்தான் கொடுத்தார்கள். அப்படியானால் வசனம் சொல்வது கருவியை அல்ல, கொழு தீட்டக் கொடுத்த கூலியை!

கொல்லுப்பட்டறையைப் பார்த்தவர்களுக்கு முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மழுங்கிய கொழுவை யாரும் அரத்தால் ராவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. உலையில் காய்ச்சித் தட்டுவார்கள்.

அந்த ஒரு சொல் மாறியதும் காட்சியே தலைகீழாகிவிடுகிறது. 'அரமாவது மிஞ்சியது' என்ற ஆறுதல் போய், கொல்லனையும் ஒழித்துவிட்டுக் கூலியையும் எதிரியே வாங்கிக்கொண்ட கொடுமை தெரிகிறது. என்னைக் கேட்டால் இதுதான் கதைக்குப் பொருந்துகிறது. அடுத்த வசனத்திலேயே யுத்த நாளில் அரசர் சவுலுக்கும் அவர் மகன் யோனத்தானுக்கும் தவிர வேறு யார் கையிலும் பட்டயமோ ஈட்டியோ இல்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நோவாவின் பேழைக்கு என்ன மரம் என்று தெரியாதபோது 'கொப்பேர் மரம்' என்று எபிரெயச் சொல்லையே விட்டுவைத்த நேர்மை அவர்களிடம் இருந்தது. என் கோபமெல்லாம் கற்கள் கிடைத்து நூறு ஆண்டுகள் ஆன பிறகும் ஓர் அடிக்குறிப்புகூடப் போடாமல் அச்சிடுகிறவர்கள்மேலும், அந்த ஊகத்தின் மேல் மேடை கட்டிப் பிரசங்கிக்கிறவர்கள்மேலும்தான். பல ஆங்கிலப் பதிப்புகள் இப்போது கூலி என்றே போடுகின்றன.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கிடைத்த கற்களில் பெரும்பாலானவை கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சவுல் அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர். இதே வசனத்தில், தமிழில் 'முக்கூருள்ள ஆயுதம்' என்று வரும் இடத்தைச் சிலர் 'சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு' என்று படிக்கிறார்கள்; அதுவும் முடிந்த வழக்கல்ல. பெட்சீரா 'கட்டணம்' என்பதும் பீமை வைத்துச் செய்த ஊகம்தான்.

என் வேதாகமத்தில் 'அரங்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'கூலி' என்று எழுதி வைத்திருக்கிறேன். பெட்சீராவுக்காக ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.