காய் விட்டவர்கள் பழம் விடும் வரை

மழலையர் வகுப்பில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மூன்றரை வயதுப் பிள்ளையைச் சேர்த்த இரண்டாம் வாரமே, "இன்னும் ஒரு பக்கம்கூட எழுத வைக்கவில்லையே, மிஸ்" என்று கேட்கும் பெற்றோரை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அவர்களுடைய கவலையை நான் எளிதாகத் தள்ளிவிடுவதில்லை. கட்டணத்துக்காக நகையை அடகு வைத்தவர்களும் அவர்களில் உண்டு. நோட்டைப் புரட்டினால் படிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் கையில் மண்தான் தெரிகிறது. ஆனால் அந்த வயதில் ஒரு பிள்ளை கற்க வேண்டியவற்றில் மிகக் கடினமானவை அந்த மண்ணில்தான் இருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு ஜூன் மாதத்தில் சேர்ந்த சிறுவன் மூன்று வாரங்களாக வாசல் கதவை விட்டு நகரவே இல்லை. அவனுடைய அம்மா பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் காலை, சொப்புச் சாமான்கள் இருந்த மூலைக்கு அவன் தானாகவே வந்தான். துணிப் பொம்மையைப் பாயில் உட்கார வைத்து, என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அம்மா கம்பெனிக்குப் போயிட்டு வந்துருவேன், அழக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டுக் கதவு வரை போனான். திரும்பி வந்து பொம்மையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். பிறகு மறுபடியும் கிளம்பினான். அன்று மட்டும் ஏழெட்டு முறை அவன் போய் வந்ததை நான் ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வருவார் என்று மூன்று வாரங்களாக நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, அவன் தன் காலால் நடந்து பார்த்துத்தான் நம்பத் தொடங்கினான்.

பிறரோடு சேர்ந்து வாழ்வதற்கான பாடங்களுக்கு நம் பிள்ளைகள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தால் காய், ஆறினால் பழம். தோற்கும்போது விதியை மாற்றுவது அழுகுணி ஆட்டம். ஆடத் தெரியாத சின்னப் பிள்ளையையும் விரட்டாமல், அவுட் ஆக்காமல், கூடவே ஓடவிடுவது ஒப்புக்குச் சப்பாணி. உடற்குறையைச் சுட்டும் அந்தச் சொல்லை இனி நாம் கைவிடத்தான் வேண்டும். எளியவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் அந்த வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. சண்டை வந்ததும் பெரியவர்கள் ஓடிப்போய், "சாரி சொல்லு" என்று தீர்த்து வைத்துவிட்டால், காயிலிருந்து பழத்துக்குத் தாமாக வந்து சேரும் வழியைப் பிள்ளைகள் கற்பதே இல்லை. அடிபடும் நிலை வந்தாலொழிய நான் சற்றுத் தள்ளியே நிற்கிறேன்.

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தனியாக விளையாடுவது, பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்தும் தனித்தனியாக விளையாடுவது, பின்னர் கலந்து பழகுவது, கடைசியில் ஒன்றுகூடித் திட்டமிட்டு ஆடுவது என்று வகைப்படுத்திக் காட்டினார். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளையை, "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று தள்ளிவிடாமல் இருக்க இந்த அறிவு எனக்கு உதவியது; பார்ப்பதும் விளையாட்டில் சேர்ந்ததுதான். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதை எங்கள் ஸ்டாச்சு விளையாட்டில் தினமும் காண்கிறேன். சும்மா இரு என்றால் அரை நிமிடம்கூட இருக்க முடியாத பிள்ளை, ஸ்டாச்சு என்றதும் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் நிற்கிறது. விளையாட்டின் விதிக்காகத் தன் விருப்பத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் அந்தப் பலம் வேறு எந்த அதட்டலாலும் வருவதில்லை.

விளையாட்டுவழிக் கல்வி என்றால் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு ஆசிரியர் செல்போன் பார்ப்பது அன்று. எல்லோருக்கும் ஒரே யானைப் படத்தைக் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் சாம்பல் நிறம் பூசச் சொல்வதும் அன்று. அது வண்ணம் பூசிய வீட்டுப்பாடம். எந்தப் பொருளை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்று முன்கூட்டியே யோசிப்பதே எங்கள் வேலையில் பாதி. ஒரே ஒரு தராசை வைத்துக் கடை விளையாட்டைத் தொடங்கிவிட்டால், முறை வைத்து ஆடவும் காத்திருக்கவும் பிள்ளைகளே வழி கண்டுபிடிக்கிறார்கள்.

இதெல்லாம் பணக்காரப் பள்ளிகளின் ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அவற்றின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. மூன்று முதல் எட்டு வயது வரையிலான அடித்தள நிலைக்காக 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் விளையாட்டையே நடுவில் வைக்கிறது. ஆவணங்களில் குறையில்லை. சமையல், எடை பார்த்தல், பதிவேடு என்று அத்தனையையும் சுமக்கும் பணியாளருக்குப் பிள்ளைகளோடு தரையில் உட்கார நேரம் வேண்டும். அதை யார் தருவது என்பதே என் கேள்வி.

பெற்றோரிடம் நான் கேட்பது சிறியது. மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது, "என்ன எழுதினாய்?" என்பதற்குப் பதிலாக, "இன்று யாரோடு விளையாடினாய், யாரோடு காய் விட்டாய், எப்படிப் பழம் விட்டாய்?" என்று கேளுங்கள்; பதில் முடியும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்.