ஊருக்குள் வராத பஸ்

சேலத்தில் பெங்களூரு பஸ் ஏறினால் கண்டக்டர் முதலில் சொல்வது, "தருமபுரி உள்ள போவாது, பைபாஸ்லதான் எறங்கணும்." 1965இலிருந்து மாவட்டத் தலைநகராக இருக்கும் ஊருக்குள் வர என்ன கஷ்டம்? பகலில்கூட சரி, சமாளிக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு, பையும் மூட்டையுமாக வரும் பாட்டியை தேசிய நெடுஞ்சாலை 44 ஓரத்தில் இறக்கிவிட்டு விசில் அடித்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியாமல் அவர் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அப்புறம் ஆட்டோவுக்குத் தனிக் காசு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இதே பாடுதான். நேரம் மிச்சமாம். வழியில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்த மட்டும் நேரம் இருக்கிறதே! தருமபுரிக்கு டிக்கெட் கிழித்தால் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள்.