தீர்வை பூச்சியம் எண்டால் செலவும் பூச்சியமோ?

போன கிழமை வந்த ஒரு கூட்டத்துக் காணொளியைப் பார்க்காதவைக்குச் சுருக்கமாச் சொல்லுறன். லண்டனில இருந்து வந்த அண்ணை ஒருத்தர் மேடையில நிண்டு, "பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்ததால ஒரு சதமும் நட்டமில்லை. ஒப்பந்தம் இருக்கு, தீர்வை பூச்சியம், பிறகென்ன?" எண்டார். மண்டபம் கைதட்டினது. காணொளிக்குக் கீழ கேள்வி எழுதின எனக்கு வந்த பதில், "யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு உங்களுக்கு லண்டன் வியாபாரம் என்ன தெரியும்?" அதுக்குப் பிறகு வாறன். முதல்ல தீர்வைக் கதை.

பிரித்தானியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையில 2020 டிசம்பர் 30இல கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில சுங்கத் தீர்வை பூச்சியம் எண்டு இருக்கிறது உண்மை. ஆனால் அந்தப் பூச்சியம் பிரித்தானியாவிலயோ ஒன்றியத்திலயோ உற்பத்தியான சாமானுக்கு மட்டும். தோற்ற விதி எண்டு சொல்லுறது இதைத்தான். அண்ணை இந்தச் சொல்லை ஒருக்காலும் எடுக்கேல்லை.

எங்கட ஆக்களின்ர வியாபாரத்தையே எடுப்பம். 2020 முடியும்வரை லண்டனில இருக்கிற மொத்த வியாபாரி, கொழும்பில இருந்து இறக்கின பிஸ்கற்றையும் அரிசி மாவையும் வானில ஏத்தி, ஒரு விலைச்சிட்டையோட டோவர் துறைமுகத்தால பிரான்சின்ர கலேக்கு அனுப்பினால், பின்னேரம் சாமான் பாரிஸ் லாச்சப்பலில கடைத் தட்டில இருக்கும். 2021 ஜனவரி 1 தொடக்கம் அதே பெட்டிக்கு என்ன நடக்குது? அது இலங்கைப் பொருள், பிரித்தானியப் பொருள் இல்லை. ஆகவே அந்த ஒப்பந்தத்தின்ர பூச்சியம் அதுக்குக் கிடையாது. பிரித்தானியச் சுங்கத்தால விடுவிச்சு உள்ளுக்கு எடுத்தபடியால் ஒன்றியம் இலங்கைக்குத் தாற ஜிஎஸ்பி பிளஸ் எண்ட தீர்வைச் சலுகையும் போச்சு. அந்தச் சாமானுக்கு ஒன்றியத்தில தீர்வை இருந்தால் பிரான்சில முழுசாக் கட்டவேணும். லண்டனில சாக்கைப் பிரிச்சுச் சின்னப் பைக்கற்றில போட்டாலும் தோற்றம் மாறாது. பொதி மாத்துறதும் வெறுமனே கலக்கிறதும் உற்பத்தியெண்டு எடுபடாது எண்டு ஒப்பந்தத்திலயே கிடக்கு. தீர்வையே இல்லாத சாமான் எண்டாலும் இந்தப் பக்கம் ஏற்றுமதிப் பிரகடனம், அந்தப் பக்கம் இறக்குமதிப் பிரகடனம், ரெண்டு பக்கமும் சுங்கப் பதிவிலக்கம், சுங்க முகவருக்குக் கூலி, பிரான்சில இறக்குமதிக்கான பெறுமதிசேர் வரி. சாமான் அடுக்கிற மரப் பலகைத் தட்டுக்குக்கூட வெப்பமேத்தினது எண்ட முத்திரை வேணும். முந்தி எல்லையில இதில ஒண்டும் தேவைப்படேல்லை.

"சரி, லண்டனிலயே செய்யிற சாமானை அனுப்பலாமே" எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். அனுப்பலாம். மட்டன் ரோல்சை எடுங்கோ. உள்ளுக்கு இறைச்சி இருக்கிறபடியால் அது விலங்குப் பொருள் கலந்த கூட்டு உணவு. இறைச்சி, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிச்ச இடத்தில இருந்து வரவேணும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் உத்தியோகபூர்வ மிருக வைத்தியர் சுகாதாரச் சான்றிதழில கையெழுத்து வைக்கவேணும், அது பிரெஞ்சிலயும் இருக்கவேணும். வந்துசேர முதல் ஒன்றியத்தின்ர கணினி முறையில அறிவிக்கவேணும். கலேயில எல்லைச் சோதனை நிலையத்தில பார்க்கிறவரை குளிர்ப்பெட்டி காத்துக்கொண்டு நிக்கவேணும். கன பேரின்ர சரக்கை ஒரே லொறியில சேர்த்து அனுப்பினால் ஒருத்தரின்ர சான்றிதழில முத்திரை பிழைச்சாலும் முழு லொறியும் நிக்கும். அதனாலதான் சில போக்குவரத்துக் கொம்பனியள் உணவைச் சேர்த்து ஏத்தவே பின்வாங்கினவை.

இந்தச் செலவின்ர குணத்தைத்தான் வடிவா விளங்கவேணும். இது சாமானின்ர அளவைப் பார்த்து வாறதில்லை, அனுப்புற ஒவ்வொரு தடவைக்கும் வாறது. ஒரு தடவைக்கு 400 பவுண் எண்டு ஒரு கணக்குக்கு வைப்பம். 26 பலகைத் தட்டு நிரம்பின முழு லொறி அனுப்புறவருக்கு ஒரு தட்டுக்கு 15 பவுணுக்குச் சொச்சம். ஒரு தட்டு அனுப்புறவருக்கு 400. பெரிய கொம்பனி இதைத் தாங்கும், வேண்டுமெண்டால் நெதர்லாந்தில ஒரு களஞ்சியமும் திறக்கும். சின்னவர் ஏற்றுமதியையே விடுவார். அவர் கடையைப் பூட்டமாட்டார், அழமாட்டார், பத்திரிகையில வரமாட்டார். பாரிஸ் வாடிக்கையாளரை மட்டும் விட்டிடுவார். "ஆரும் நட்டப்பட்டதாக் காணேல்லை" எண்டு மேடையில சொல்லக்கூடியதா இருக்கிறது அதனாலதான்.

நட்டமே இல்லையெண்டால் பிரித்தானிய அரசாங்கம் தன்ர பக்கத்து உணவுச் சோதனையளை ஏன் திரும்பத் திரும்பப் பிற்போட்டது? சுகாதாரச் சான்றிதழ் கேக்கத் தொடங்கினதே 2024 ஜனவரி 31, நேரடிச் சோதனை ஏப்ரல் 30. அதோட ஒவ்வொரு பொருள் வகைக்கும் 29 பவுண் வரை, ஒரு அனுப்புதலுக்கு 145 பவுண் வரை ஒரு கட்டணமும் வந்தது. பிறகு 2025 மே 19இல லண்டனில நடந்த உச்சிமாநாட்டில, இந்த உணவுச் சோதனையளைக் குறைக்க ஒன்றியத்தோட புது உடன்பாட்டுக்குப் போறம் எண்டு அவையே ஒத்துக்கொண்டவை. இல்லாத செலவைக் குறைக்க ஆரும் உச்சிமாநாடு வைக்கிறதில்லை.

"எல்லாம் கொரோனாவால வந்தது, உக்ரெய்ன் போரால வந்தது" எண்டு சொல்லுறவை இருக்கினம். அந்த ரெண்டும் வெளியேற்றமும் ஒண்டுக்கு மேல ஒண்டாய் வந்தபடியால் பிரிச்சு அளக்கிறது கஷ்டம்தான். அதனாலதான் ஒரு வருசத்துப் புள்ளியைத் தூக்கிக் காட்டக்கூடாது. பிரித்தானியாவின்ர சுயாதீன வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்தில இருந்திருந்தால் வந்திருக்கும் நிலையோட ஒப்பிட்டு, நீண்டகாலத்தில உற்பத்தித்திறன் 4 சதவீதம் போலக் குறையும் எண்டு மதிப்பிட்டது. பசிபிக் நாடுகளின்ர வர்த்தக ஒப்பந்தத்தில 2024 டிசம்பரில பிரித்தானியா சேர்ந்ததைக் கொண்டாடினவையே, அதால நீண்டகாலத்தில வாற லாபம் மொத்த உற்பத்தியில 0.06 சதவீதம் எண்டு அரசாங்கம் போட்ட கணக்கைப் பார்க்கேல்லை. 4 எங்க, 0.06 எங்க?

சேவை ஏற்றுமதி நல்லா வளர்ந்தது, மறைக்கேல்லை. 2025இல அமெரிக்கா பிரித்தானியாவுக்கு 10 சதவீதமும் ஒன்றியத்துக்கு 15 சதவீதமும் தீர்வை போட்டதும் வெளியில நிண்டதுக்குக் கிடைச்ச ஒரு வாய்ப்பு. 2023 ஜூன் தொடக்கம் வளர்முக நாடுகளுக்கான தனிச் சலுகைத் திட்டம் ஒண்டை லண்டன் கொண்டுவந்ததும் இலங்கைக்கு நல்லது. ஆனால் டோவரில நிக்கிற அந்த ஒரு தட்டுக்காரருக்கு இதில ஒண்டும் கைகொடுக்காது.

இப்ப அந்தக் கேள்விக்கு வாறன். யாழ்ப்பாணத்தில இருக்கிறவைக்கு என்ன தெரியும்? ஒன்றியத்தை விட்டு விலகிற 2016 ஜூன் 23 வாக்கெடுப்பின்ர முடிவு அடுத்த நாள் வந்த உடனேயே பவுண் டொலருக்கு எதிரா 8 சதவீதம் போல விழுந்தது. ரூபா டொலரோடயே நிண்டபடியால், லண்டனில இருந்து மாதம் மாதம் வாற அதே 100 பவுண் இஞ்ச வங்கியில அதே அளவு குறைஞ்சுதான் கைக்கு வந்தது. வட்டுக்கோட்டையில மருந்து வாங்கிற அம்மாவுக்கு ஆரும் கருத்தரங்கு வைச்சு விளங்கப்படுத்தேல்லை. எங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லாதேங்கோ அண்ணை. அது மனசை நோகடிக்கிற கதை.

இன்னும் நோகுறது, கடைசியில அவர் சொன்னது: "எங்களுக்கும் ஐரோப்பாவின்ர சலுகை வேண்டாம், 27 உடன்படிக்கையைக் காட்டிப் பயப்படுத்தினம்." அந்த 27, ஜிஎஸ்பி பிளஸ் கிடைக்க நாங்கள் நிறைவேத்தவேண்டிய மனித உரிமை, தொழிலாளர், சூழல் போன்ற சர்வதேச உடன்படிக்கையள். 2010 ஓகஸ்ரில ஜிஎஸ்பி பிளஸ் போய் 2017 மே மாதம்தான் திரும்ப வந்தது. 2015 ஜனவரியில இலங்கை மீனுக்கு ஒன்றியத்தின்ர இறக்குமதித் தடை வந்து 2016 ஜூன் வரை கிடந்தது. பிழை ஆழ்கடலில ஓடின நெடுநாள் கலங்களைக் கண்காணிக்காததில. தடை இலங்கைக் கொடி உள்ள எல்லாக் கலத்துக்கும். காலமை போய் மத்தியானம் வாற எங்கட சின்னப் படகுக்காரர் சர்வதேசக் கடலை எட்டியும் பார்க்காதவை. பிரித்தானியா அப்ப ஒன்றியத்துக்குள்ள இருந்தபடியால் லண்டன் சந்தையும் சேர்ந்தே பூட்டுப்பட்டது எண்டு சொல்லலாம், அது சரிதான். அதைச் சொல்லி, திறந்திருக்கிற கதவையும் நாங்களே சாத்தவேணும் எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்? எங்கட நண்டு வாடியில நாள் கூலிக்குச் சதை எடுக்கிற பெட்டையளிட்டப் போய் இதைச் சொல்லுவீங்களோ?

ஏற்றுமதி தொடங்க நிக்கிற தம்பி தங்கச்சியள் கன பேர் உள்பெட்டியில கேட்டபடியால் இதையும் சொல்லுறன். பாரிசுக்குப் போற பனங்கட்டியையும் ஒடியல் மாவையும் லண்டன் ஊடா அனுப்பாதேங்கோ. ஐரோப்பாவுக்கு நேரா ஒரு அனுப்புதல், லண்டனுக்கு வேற அனுப்புதல். ஐரோப்பாவுக்குப் போறதில சலுகைச் சாமானின்ர பெறுமதி 6,000 யூரோவுக்கு மேல எண்டால் பதிவுசெய்த ஏற்றுமதியாளர் இலக்கம் எடுத்து, விலைச்சிட்டையில தோற்றக் கூற்றை அந்த இலக்கத்தோட எழுதவேணும். அதுக்குக் குறைஞ்சால் இலக்கம் தேவையில்லை, கூற்று தேவை. லண்டனுக்குப் போறதுக்கு பிரித்தானியாவின்ர சலுகைத் திட்டத்துக்கான தோற்றப் பிரகடனம் புறம்பா. ரெண்டையும் மாறி வைச்சால் அங்க இறக்கிறவர் முழுத் தீர்வையும் கட்டவேண்டி வரும், அடுத்த முறை உங்களிட்ட வாங்கமாட்டார்.